அட்ரினல் சார்ட்: அம்புக்குறி ஒண்ணு விடாம மனப்பாடம் பண்ணணுமா?

முதலாண்டு_பாவி:
அட்ரினல் சுரப்பி ஹார்மோன் தயாரிக்கிற பாதையோட சார்ட். கொலஸ்ட்ரால்ல கிளம்பி ஆல்டோஸ்டிரோன் (உப்பைப் பிடிக்கிறது), கார்ட்டிசால் (ஸ்ட்ரெஸ் ஹார்மோன்), ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்)னு மூணு வரிசை, ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஒரு என்சைம். இன்டர்னல்ஸ்ல ஒரு அம்புக்குறி விட்டுப்போச்சுன்னு மார்க் போச்சு. நாளைக்கு ஓபில வர்றவர் என்சைம் பேரா கேட்கப்போறார்?

சிஆர்ஆர்ஐ_தூக்கமில்லை:
பரீட்சைக்கு மறுநாளே மறந்தேன், ஒரு குறையும் இல்ல. அட்ரினல் படுத்துட்டா சோடியம் கம்மி, பொட்டாசியம் ஜாஸ்தி, பிபி லோ. ஹைட்ரோகார்ட்டிசோன் போடு, சலைன் ஏத்து. இதுக்கு எதுக்கு சார்ட்?

பீடியாட்ரிக்ஸ்_பிஜி:
தம்பி, நீ சொன்னதே பாதி சார்ட்தான். ரெண்டு வாரக் குழந்தை, ஓயாத வாந்தி, எடை ஏறல. பைலோரிக் ஸ்டெனோசிஸ்னு (இரைப்பையோட வெளிவாசல் அடைப்பு) சர்ஜரிக்கு அனுப்பத்தான் தோணும். ஆனா அதுல பொட்டாசியம் இறங்கும், அட்ரினல் கோளாறுன்னா ஏறும். பெண் குழந்தைன்னா ஆண்தன்மையா மாறின பிறப்புறுப்பைப் பார்த்தே சந்தேகம் வந்துடும். ஆண் குழந்தை பார்வைக்கு நார்மலா இருக்கும், அதனாலேயே கோட்டை விடுவோம். 21-ஹைட்ராக்சிலேஸ்ங்கிற என்சைம் அடைபட்டா எது தேங்கும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் டெஸ்ட் எழுதவே தோணும். பிறவியிலேயே வர்ற அட்ரினல் ஹைப்பர்பிளேசியாவில் (சுரப்பி பெருத்துப் போறது) 90 சதவீதத்துக்கு மேல இந்த ஒரு என்சைம் கோளாறுதான்.

சிஆர்ஆர்ஐ_தூக்கமில்லை:
அப்போ ஒரு என்சைம் படிச்சா போதும்னு நீங்களே சொல்லிட்டீங்க அக்கா 😄

பயோகெம்_மேடம்:
அவசரப்படாதீங்க. 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸ்ங்கிற என்சைம் அடைபட்டாலும் பெண் குழந்தைக்கு ஆண்தன்மை வரும். ஆனா பிபி ஏறும், ஏன்னா தேங்கி நிக்கிற டிஆக்சிகார்ட்டிகோஸ்டிரோனே உப்பைப் பிடிச்சு வச்சுக்கும். 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் அடைபட்டா பிபி ஏறும், பருவ மாற்றம் வராது. இந்த மூணு அடைப்பையும் வெறும் தாள்ல போட்டு, எது தேங்குது, எது வத்துதுன்னு சொல்லத் தெரிஞ்சா என்கிட்ட ஃபுல் மார்க். சைப் நம்பர் (என்சைமுக்கு வச்ச CYP பேர்) கேட்டு மார்க் வெட்டுறவங்களோட எனக்கும் சண்டைதான்.

முதலாண்டு_பாவி:
எங்க காலேஜுக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வாங்க மேடம் 🙏

சிஆர்ஆர்ஐ_தூக்கமில்லை:
ஒரு நிமிஷம். புரோஸ்டேட் கேன்சருக்கு அபிராடிரோன் குடுக்கும்போது கூடவே பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டும் எழுதுறாங்களே, அது இந்த 17 சமாச்சாரமா?

பயோகெம்_மேடம்:
அதேதான். அந்த மருந்து 17-ஐ அடைக்குது. கார்ட்டிசால் குறைஞ்சதும் ஏசிடிஹெச் (அட்ரினலை முடுக்குற பிட்யூட்டரி ஹார்மோன்) ஏறும், அதனால மினரலோகார்ட்டிகாய்டு (உப்பைப் பிடிக்கிற ஹார்மோன்) பக்கம் வெள்ளமாப் பாயும். பிரெட்னிசோலோன் ஏசிடிஹெச்சை அடக்கும். மறந்துட்டேன்னு சொன்னவருக்கு நம்பர் ஞாபகம் இருக்கே!

சிஆர்ஆர்ஐ_தூக்கமில்லை:
வார்டுல பார்த்ததால இருக்கு மேடம், முதலாண்டுல படிச்சதால இல்ல. அதனால்தான் சொல்றேன், அந்த சார்ட்டை ஃபைனல் இயருக்குத் தள்ளுங்க.