இன்லே, ஆன்லே: அடைப்பா, பதிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சொத்தை எடுத்த பல்லில், வெளியே செய்து கொண்டுவந்து ஒட்டும் துண்டுகள் இன்லே (inlay), ஆன்லே (onlay). இவ்விரண்டுக்கும் தமிழ்க் கலைச்சொல்லாக நம் குழுவில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். உள்நிரப்பி–மேல்நிரப்பி, உட்செருகு–மேற்செருகு, வார்ப்படைப்பு, அகவிடு–புறவிடு. கடைசி இணையை முன்வைத்தவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பல்லே ஆடுகிறது. மற்றவை பொருட்படுத்தத் தக்கவை. ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலச் சொல்லின் முன்னொட்டை உள், மேல் என்று பெயர்த்ததோடு நின்றுவிட்டன. எதற்கு உள்ளே, எதற்கு மேலே என்பதை யாரும் கேட்கவில்லை.

பல் மருத்துவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். சொத்தையைச் சுரண்டி எடுத்தபின் ஒரு குழி மிஞ்சுகிறது. சாதாரண அடைப்பு என்றால், இளகிய பொருளை அதில் அழுத்தி வைத்து அங்கேயே இறுகவிடுகிறார்கள். பழைய பாதரசக் கலவை பல்லோடு ஒட்டாது. அதனால் குழியின் வாயைக் குறுக்கி, அடியைச் சற்று அகட்டிச் செதுக்குவார்கள். இறுகியபின் அடைப்பு வெளியே வர வழியில்லை. இன்லேக்கு இது நேர் எதிர். அது வாய்க்கு வெளியே முழு உருவம் பெற்று, கெட்டியான துண்டாக வந்து குழிக்குள் இறங்க வேண்டும். ஆகவே குழியின் வாய் அடியைவிடச் சற்று விரிந்திருக்க வேண்டும். சுவரில் எங்காவது சிறு உட்குடைவு இருந்தாலும் துண்டு பாதியில் தட்டி நின்றுவிடும். அச்செடுத்துச் செய்வதானால் துண்டு தயாராகும்வரை குழிக்குத் தற்காலிக அடைப்பு. அது வந்ததும் பொருத்திப் பார்த்து, சிமென்ட் வைத்து ஒட்டி, எதிர்ப்பல் எங்கே இடிக்கிறது என்று பார்த்துத் தேய்த்துச் சரிசெய்கிறார்கள்.

அடைப்பதற்கும் இதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சொல்லாத கலைச்சொல் நமக்கு எதற்கு? ‘நிரப்பி’ இங்கேயே அடிபட்டுப் போகிறது. ‘செருகு’ பரவாயில்லை, வெளியிலிருந்து உள்ளே போவதைச் சொல்கிறது. ஆனால் செருகியதை உருவலாம். ஒட்டிய இன்லேயை உருவ முடியாது, குடைந்துதான் எடுக்க வேண்டும்.

‘வார்ப்படைப்பு’ சொன்ன நண்பருக்கு வரலாற்று நியாயம் இருக்கிறது. 1907-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட், மெழுகில் வடிவம் செய்து, அதை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் பொன்னை வார்க்கும் முறையை அறிமுகப்படுத்திய பிறகுதான் பொன் இன்லே பரவலாயிற்று. ஆனால் 1985-இல் சூரிச்சில் பல் மருத்துவர் மோர்மனும் பொறியாளர் பிராண்டஸ்டினியும் பல்லை வாய்க்குள்ளேயே படமெடுத்து, பீங்கான் கட்டியை எந்திரத்தால் கடைந்து, ஒரே அமர்வில் பொருத்திக் காட்டிவிட்டார்கள். மெழுகும் இல்லை, வார்ப்பும் இல்லை. செய்முறையைப் பெயரில் பூட்டினால் செய்முறை மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். பொருளைப் பூட்டினாலும் அப்படித்தான்: பொன், பீங்கான், ரெசின் கலவை எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன.

வெளியே வடிவம் பெற்ற ஒன்றை, அதற்கென்று வெட்டிய இடத்தில் அசையாமல் இருத்துவதற்குத் தமிழில் பழகிய வினை ‘பதித்தல்’. மோதிரத்தில் கல் பதிக்கிறோம். (மாயா மக்கள் முன்பற்களில் துளையிட்டுப் பச்சைக்கல்லே பதித்துக்கொண்டார்கள்; அது சிகிச்சை அல்ல, அலங்காரம். ஆனாலும் இந்த வினைக்கு அதைவிடப் பொருத்தமான சான்று வேண்டுமா?) எனவே ‘பதிப்பு’ அடிச்சொல்லாக இருக்கட்டும்.

இனி இன்லேயையும் ஆன்லேயையும் பிரிப்பது எது என்று பார்க்க வேண்டும். கடைவாய்ப்பல்லின் கடிபரப்பில் நான்கைந்து முகடுகள், அதாவது மேடுகள் (cusp), உண்டு. முகடுகளைத் தொடாமல் இடையிலுள்ள குழிக்குள்ளேயே அடங்குவது இன்லே. ஒரு முகட்டையாவது மூடிக்கொள்வது ஆன்லே. இந்த மூடல்தான் சிகிச்சையின் உயிர்நாடி. குழி அகன்று, சுற்றிலும் பல்சுவர் மெலிந்திருக்கும்போது இன்லே வைத்தால், ஒவ்வொரு கடிக்கும் அது ஆப்பைப்போல இறங்கிச் சுவர்களை நெம்பும். ஒருநாள் முகடு பிளந்துவிடும். அதனால்தான் நலிந்த முகட்டை ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர்வரை தேய்த்துக் குறைத்து, அதன்மேலும் துண்டு கவியும்படி செய்கிறார்கள். வேர்ச்சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பற்களுக்கும் பெரும்பாலும் முகட்டை மூடச் சொல்வது இதே அச்சத்தால்தான்.

ஆகவே என் பரிந்துரை: இன்லே என்பது குழிப்பதிப்பு, ஆன்லே என்பது முகட்டுப்பதிப்பு. எல்லா முகடுகளையும் மூடும் ஓவர்லேக்கு முழுமுகட்டுப்பதிப்பு. இதற்குமேல் போய்ப் பல்லைச் சுற்றிலும் மூடினால் அது உறை (crown). அந்தச் சொல்லில் நமக்குள் சண்டை இல்லை. அடைப்பு, பதிப்பு, உறை என்று மூன்று அடுக்கு கிடைத்துவிடுகிறது.

‘பதிப்பு என்றால் புத்தகப் பதிப்பு அல்லவா’ என்று ஒருவர் கேட்பார், தெரியும். இதழ் என்று எழுதினால் உதடா, பூவின் மடலா, பத்திரிகையா என்று எந்த வாசகரும் திகைத்து நிற்பதில்லை. ‘பதிகம்’ என்று ஆக்கிவிடலாம் என்ற யோசனையை மட்டும் கைகூப்பித் தவிர்க்கிறேன். பல் நாற்காலியில் உட்கார்ந்தவர் தேவாரம் பாடத் தொடங்கிவிடுவார்.

‘ஆன்லேயும் குழிக்குள் போகிறதே’ என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. போகிறதுதான். ஆனால் மருத்துவர் முடிவெடுப்பது முகட்டைப் பார்த்து. நோயாளியிடம் பேசும் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “ஒரு முகட்டில் விரிசல் விட்டிருக்கிறது. வெறும் அடைப்பு தாங்காது. உறை போடுமளவுக்குக் கெடவும் இல்லை. முகட்டுப்பதிப்பு வைத்துவிடலாம்.” கேட்பவருக்கு எங்கே, எதற்காக என்பது விளங்கிவிடுகிறது. மேற்செருகு என்றால் விளங்குமா?

ஒன்று மட்டும் தீர வேண்டும். முகடு என்பதற்குப் பதில் ‘கூர்’ வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள். கோரைப்பல்லுக்குக் கூர் பொருந்தும். தேய்ந்து மழுங்கிய கடைவாய்ப்பல்லில் கூர் எங்கே இருக்கிறது? நான் முகடு பக்கம். குழுவில் உள்ள பல் மருத்துவர்கள் இதில் ஒரு வார்த்தை சொன்னால், மூன்று சொற்களையும் ஒன்றாகவே பட்டியலில் ஏற்றிவிடலாம்.