புளோயர் டிரைவில் ஓயூ2, ஓசி1: டிரைவ் போச்சா, மோட்டார் போச்சா?

பேனல்வயர்:
15 கிலோவாட், 415 வோல்ட் மோட்டார், வேகத்தை மாற்ற ஒரு டிரைவ் (விஎஃப்டி). பெரிய சென்ட்ரிஃபியூகல் புளோயர். ஸ்டாப் கொடுத்தால் வேகம் பாதி இறங்குவதற்குள் ஓயூ2 (வேகம் குறையும்போது ஓவர் வோல்டேஜ்) காட்டி டிரிப் ஆகிறது. ரீசெட் போட்டால் ஓடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில சமயம் ஓசி1 (வேகம் ஏறும்போது ஓவர் கரண்ட்). ஆக்சல் (வேகம் ஏறும் நேரம்) 10 நொடி, டிசெல் (இறங்கும் நேரம்) 5 நொடி. பிரேக் ரெசிஸ்டர் (திரும்பி வரும் பவரை வெப்பமாக்கி விடுவது) இல்லை, மேனுவலும் இல்லை.

டிசிபஸ்:
ஓயூ2-க்கு டிரைவைக் குறை சொல்ல வேண்டாம். 415 வோல்ட் உள்ளே வந்தால் டிசி பஸ்ஸில் (டிரைவுக்குள் ஏசி டிசியாக மாறி நிற்கும் இடம்) சுமார் 587 வோல்ட் நிற்கும். அவ்வளவு கனமான இம்பெல்லரை 5 நொடியில் நிறுத்தச் சொன்னால் மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். திரும்பி வரும் பவர் இன்புட் பக்கம் போக முடியாது, அங்கே இருப்பது கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு பிரிட்ஜ். எல்லாம் கெப்பாசிட்டரில் ஏறி, 800 வோல்ட்டை ஒட்டி டிரிப். டிசெல்லை 60 நொடி ஆக்குங்கள். புளோயர் உடனே நிற்க வேண்டிய அவசியம் இல்லையென்றால் கோஸ்ட் ஸ்டாப்பே (அவுட்புட்டை நிறுத்தி, தானாகச் சுற்றி நிற்க விடுவது) போதும். பிரேக் ரெசிஸ்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

மெகர்500:
கோடில் உள்ள நம்பரை எல்லா கம்பெனிக்கும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபியூஜியில் ஓசி2 என்றால் வேகம் குறையும்போது. மிட்சுபிஷியில் அதே 2 நிலையான வேகத்தில், 3 தான் வேகம் குறையும்போது. டெல்டாவில் நம்பருக்குப் பதில் எழுத்து: ஓசிஏ, ஓசிடி, ஓசிஎன். ஆக்சலில் வந்தது என்பது மட்டும் மூன்றிலும் முதலில் வரும். ரீசெட் அழுத்தும் முன் ஃபால்ட் ஹிஸ்டரியைத் திறந்து, டிரிப் ஆன நொடியில் இருந்த ஹெர்ட்ஸ், ஆம்ப், டிசி வோல்ட் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் கோடை விட அதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓசி1-க்கு: பவரை ஆஃப் செய்து 10 நிமிடம் விடுங்கள். பி, என் (டிசி பஸ்ஸின் பிளஸ், மைனஸ்) டெர்மினலில் டிசி வோல்ட் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கவும். மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ வயர்களைக் கழற்றி, வி/எஃப் மோடில் (வோல்டேஜும் ஹெர்ட்ஸும் ஒரே விகிதத்தில்) டிரைவை வெறுமனே ஓட்டுங்கள். அப்போதும் ஓசி வந்தால் ஐஜிபிடி (டிரைவின் பவர் ஸ்விட்ச்) அல்லது கரண்ட் சென்சார் போய்விட்டது. வராவிட்டால் கேபிளையும் மோட்டாரையும் மெகர் (இன்சுலேஷன் டெஸ்ட்) பண்ணுங்கள், வயர் கழற்றிய நிலையில் மட்டும். டிரைவோடு சேர்த்து மெகர் போட்டால் நல்ல ஐஜிபிடியும் போய்விடும்.

மீட்டரின் டயோடு ரேஞ்சில் சிவப்பு முனை யூ-வில், கருப்பு பி-யில்: 0.3 முதல் 0.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். முனைகளை மாற்றினால் ஓபன். வி, டபிள்யூ அதே மாதிரி. என் பக்கம் சிவப்பு என்-இல், கருப்பு யூ-வில். எங்காவது பூஜ்யம் என்றால் ஷார்ட், பவர் கொடுக்காதீர்கள்.

பேனல்வயர்:
டிசெல் 60 ஆக்கியதும் ஓயூ2 நின்றுவிட்டது. டயோடு ரீடிங் எல்லாம் சரி, மெகரும் நன்றாக இருக்கிறது. ஒன்று கவனித்தேன்: இன்னொரு புளோயரும் இதே டக்ட்டில் இருக்கிறது. அது ஓடும்போது இது பின்பக்கமாகச் சுற்றுகிறது.

டிசிபஸ்:
ஓசி1 அதனால்தான். பின்னால் சுற்றும் ரோட்டரில் 0 ஹெர்ட்ஸிலிருந்து முன்னால் தள்ளினால் கரண்ட் எகிறும். ஸ்டார்ட்டுக்கு முன் டிசி இன்ஜெக்‌ஷன் பிரேக் (மோட்டாருக்கு டிசி கொடுத்து ரோட்டரை நிறுத்துவது) சில நொடி வையுங்கள், இல்லையென்றால் ஃப்ளையிங் ஸ்டார்ட்டை (சுற்றும் வேகத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்து ஓட்டுவது) ஆன் செய்யுங்கள். சில மாடலில் ஃப்ளையிங் ஸ்டார்ட் ஒரே திசையில்தான் தேடும், பாராமீட்டரைப் பாருங்கள். டேம்பர் (டக்ட்டில் காற்றை அடைக்கும் தகடு) முழுதாக மூடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆட்டோ ரீசெட் மட்டும் ஓசி-க்கு வைக்காதீர்கள்.