நிச்சயமின்மையா, ஐயப்பாடா, கூடுகுறையா?

அன்புடையீர்,

அளவீட்டில் "பிழை" என்ற ஒரே சொல்லை error, uncertainty எல்லாவற்றுக்கும் வைத்து ஒப்பேற்றுவதை நாம் நிறுத்த வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு மாலையில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் uncertainty என்பதை மலாயில் "கெத்திடாக்பஸ்தியான்" என்று கேட்டுவிட்டு வருவார்கள். நான் அதைப் பிழை என்று சொன்னபோது, ஒரு மாணவி முகம் வாடி, "சார், நான் சரியாகத்தானே பார்த்தேன்?" என்றாள்.

அவள் சரியாகத்தான் பார்த்தாள். 0.1 மில்லிலிட்டர் கோடுகள் உள்ள பியூரெட் என்ற அளவுக் குழாயில் ஒவ்வொரு அளவும் 0.05 கூடலாம், குறையலாம். தொடக்க அளவையும் இறுதி அளவையும் கழித்தால் அது 0.1 வரை போகும். இதில் அவள் செய்த தவறு எங்கே?

இதற்குச் சொல் தேடினால், "நிச்சயமின்மை" ஏற்கெனவே குவாண்டம் இயற்பியலின் ஹைசன்பர்க் கோட்பாட்டுக்குப் போய்விட்டது. அது அங்கேயே இருக்கட்டும். "ஐயப்பாடு" மனத்தின் நிலை. அதற்கு மில்லிலிட்டர் கணக்குப் பொருந்தாது.

என் அப்பா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டத்தில் கிராணி (எழுத்தர்), பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் என்ற மிதப்புமானியைப் பாலில் மிதக்கவிட்டுக் கோட்டைப் பார்க்கும்போது, சுற்றி நிற்பவர்கள் "கூடக்குறைய இவ்வளவு" என்பார்கள். கூலியே அந்தக் கோட்டில் இருந்ததால், ஒரு கோடு கூடுவதும் குறைவதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேச்சிலிருந்துதான் "கூடுகுறை" என்பதை முன்வைக்கிறேன். வரவுசெலவு போல எதிரெதிரான இரண்டும் ஒரே சொல்லில் நிற்கின்றன. ± குறியை அப்படியே வாயால் சொன்னதுபோலவும் இருக்கிறது. ஒப்புக் கூடுகுறை (அளவோடு ஒப்பிட்ட கூடுகுறை), கூடுகுறை விழுக்காடு என்று வளர்க்கவும் முடிகிறது.

கொச்சையாக ஒலிக்கிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பயன்படுத்திப் பாருங்கள், ஐயா. 250 மில்லிலிட்டர் 0.1 மோலார் நியமக் கரைசலுக்கு (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) நீரற்ற சோடியம் கார்பனேட் 2.65 கிராம் வேண்டும். தராசின் கூடுகுறை 0.01 கிராம் என்றால், ஒப்புக் கூடுகுறை ஏறத்தாழ 0.4 விழுக்காடு. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்றால் 5.11 கிராம், 0.2 விழுக்காடாகக் குறைந்துவிடும். மூலக்கூறு எடை மிகுந்த பொருளை ஏன் தேர்கிறோம் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"பிழை"யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு நிறுத்துக்கொண்டிருக்கும்போதே நீரை இழுக்கிறது. நிறுத்ததில் தண்ணீரும் சேர்வதால் கரைசலின் செறிவு எப்போதும் கணக்கிட்டதைவிடக் குறைவாகவே அமையும். ஒரே பக்கம் சாய்வது பிழை. இரு பக்கமும் ஆடுவது கூடுகுறை. இந்த வேறுபாட்டுக்காகத்தான் இரண்டு சொற்கள் கேட்கிறேன்.

நியமக் கரைசலுக்கு வழங்கும் இன்னொரு பெயரான "திட்டக் கரைசல்" பற்றியும் ஒரு சொல்: திட்டவட்டம் என்ற பழைய பொருளில் அது நல்ல ஆக்கம்தான். ஆனால் இங்குள்ள பிள்ளைகளுக்குத் திட்டம் என்றால் ஐந்தாண்டுத் திட்டம். நான் இலங்கைப் பாடநூல் வழியில் "நியமக் கரைசல்" என்றே சொல்லிவருகிறேன்.

கரைசலை அளந்தெடுக்கும் பிப்பெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் ±0.03 மில்லிலிட்டர், அந்தக் கருவியைச் செய்பவர் தரும் உறுதி. அதையும் கூடுகுறை என்று சொல்லலாமா, "பொறுதி" (tolerance) என்று தனியே நிறுத்தலாமா? எனக்குப் பின்னதே சரி என்று படுகிறது. பொறியியல் துறையினர் சொல்லுங்கள்.