பிளேடு ரெசினுக்கு இனி லேப் வேண்டாமாம்!

பணகுடிக் காற்று:
நேற்று பாளை மாணவன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. காற்றாலை பிளேடுக்குப் போடும் எபாக்சி ரெசின் பசை எந்தச் சூட்டில் இளகும் என்பதைக் கணினியே அணுவிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். லேப் சோதனை வீண் செலவாம். பதினெட்டு வருடமாக பிளேடு ஒட்டுகிறேன் தம்பி. குளிர வைத்துப் பார்த்துத்தானே அந்த இளகும் புள்ளியைப் பிடிக்கிறீர்கள்; உங்கள் கணினி ரெசினை என்ன வேகத்தில் குளிர வைக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பாளை மாணவன்:
அண்ணாச்சி, ரெசின் ஒரு பாலிமர், அணுக்கள் சங்கிலியாகக் கோத்த பொருள். அணு அளவில் கணக்கின் ஒவ்வொரு அடியும் ஒரு ஃபெம்டோ விநாடி. பத்து லட்சம் அடி வைத்தால்தான் ஒரு நானோ விநாடி, அதாவது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு ஆகும். அதனால்தான் சில அணுக்களைச் சேர்த்து பாசிமணி போல ஒரு மணியாக்கி மேலே போகிறோம், அங்கிருந்து பிளேடு அளவுக்கு. இப்படிப் பல அளவுகளை இணைக்கும் கணக்குக்குத்தான் 2013இல் கார்ப்லஸ், லெவிட், வார்ஷெல் மூவருக்கும் வேதியியல் நோபல். படித்துவிட்டு வாருங்கள்.

பணகுடிக் காற்று:
நோபலை யார் கேட்டது? வேகத்தைக் கேட்டேன். நானே சொல்கிறேன். சிமுலேஷனில் விநாடிக்கு ஆயிரம் கோடி டிகிரி அளவில் குளிர வைக்கிறீர்கள். லேபில் நிமிடத்துக்கு 10 டிகிரி. வேகம் பத்து மடங்கு ஏறினால் இளகும் புள்ளி சுமார் 3 டிகிரி ஏறும். இங்கே பத்து மடங்கு பதினோரு தடவை. 30 டிகிரிக்கு மேல் தள்ளிப்போகிறது!

வள்ளியூரான்:
நம்ம மாவட்டத்து முப்பந்தலில் எத்தனை பிளேடு சுற்றுகிறது, எல்லாம் லேபில் பார்த்ததுதானே?

தாமிரபரணி:
முப்பந்தல் குமரி மாவட்டம் ஓய்.

வள்ளியூரான்:
பணகுடிக்குப் பக்கம்தானே! கயத்தாறையும் இப்படித்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

தாமிரபரணி:
கயத்தாறு 1986இல் தூத்துக்குடியோடு போனது. முப்பந்தல் என்றைக்கு நம்மிடம் இருந்தது? போன மாதமும் இதே தப்பைத்தான் எழுதினீர்கள்.

பாளை மாணவன்:
அண்ணாச்சி, வேக வித்தியாசத்தைத் திருத்த வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி 1955இலேயே சமன்பாடு கொடுத்துவிட்டார்கள். பட்டறையில் இருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

பணகுடிக் காற்று:
பட்டறை என்று இளக்காரமா? அந்தச் சமன்பாட்டின் மாறிலிகள் எங்கிருந்து வந்தன? ரெசினையும் ரப்பரையும் லேபில் அளந்து எடுத்தவை! உங்கள் பாசிமணிக் கணக்கு மட்டும் ஒழுங்கா? மணியாக்கினால் உராய்வு குறைந்து பாலிமர் சங்கிலி நிஜத்தைவிட வேகமாக ஓடும். அதையும் அளவுகோல் வைத்துத்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.
இரண்டு வருடம் முன்பு ஒரு கம்பெனி ரெசின் தாளில் இளகும் புள்ளி 90 டிகிரி என்று போட்டுக் கொடுத்தது. கணினிக் கணக்கு என்றார்கள். ஆனிக் காற்றில் ஒட்டு பிரிந்து வந்தது. லேபில் வைத்தால் 62. இறங்கி வந்தபோது என் வேலைப் பையன்கள் முகம் வெளுத்திருந்தது.

பாளை மாணவன்:
நீங்கள் சூடு போதாமல் வேகவைத்திருப்பீர்கள். பாதி வெந்த ரெசின் சீக்கிரம் இளகத்தான் செய்யும். கணினி மேல் பழி போடாதீர்கள்.

பணகுடிக் காற்று:
போர்வை ஹீட்டர் போட்டு, மணிக்கு மணி சூடு குறித்த நோட்டு என்னிடம் இருக்கிறது. உங்கள் நோட்டு எங்கே?

தாமிரபரணி:
ஆளாளுக்கு பாலிமர் என்கிறீர்கள். பலபடி என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வள்ளியூரான்:
இலங்கையில் பல்பகுதியம் என்கிறார்கள். அதுதான் அழகு.

பணகுடிக் காற்று:
பெயரை அப்புறம் வையுங்கள். தம்பி, எத்தனை டிகிரி தள்ளிப்போகிறது? எண்ணைச் சொல்லுங்கள்.