ஃபோனும் தூக்கமும்: கூகுள் ஃபார்ம் போதுமா, சோதனையே செய்யணுமா?

இரவுக்குருவி

வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் கடைசி ஆண்டு. "இரவில் ஃபோன் பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்கிறதா" என்று ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு எடுத்திருக்கிறேன். திட்டம் ரொம்ப எளிமையானது. கூகுள் ஃபார்மில் இருபது கேள்வி போட்டு, தெரிந்த வாட்ஸாப் குழுக்களில் எல்லாம் பகிர்ந்து, ஒரு அறுபது பேர் பதில் கொடுத்தவுடன் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி கோரிலேஷன் (ஒட்டுறவு, அதாவது ஒன்று கூடும்போது இன்னொன்றும் சேர்ந்து கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் எண்) பார்த்துவிடலாம் என்றிருந்தேன். கைடிடம் காட்டினால் "இது எந்த முறை, ஏன் இந்த முறை, முதலில் அதை எழுதிக்கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சோதனை, கள ஆய்வு, உற்றுநோக்கல், தனியாள் ஆய்வு, நேர்காணல் என்று எல்லாவற்றுக்கும் பாடப்புத்தகத்தில் நிறைகுறைப் பட்டியல் இருக்கிறது, தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன், ஆனால் என் தலைப்புக்கு எதை எடுப்பது என்று மட்டும் அதில் எங்கேயும் இல்லை. கூடப் படிக்கும் ஒருத்தி சோதனை முறைதான் உசத்தி, மற்றதெல்லாம் ஒப்புக்குத்தான் என்கிறாள். அப்படியா? என்னிடம் லேப் கிடையாது, காசு கிடையாது, இருப்பது ஒரு செமஸ்டர்தான்.

புள்ளிமான்

உங்கள் கைடு கேட்டது சரியான கேள்வி. உங்கள் தலைப்பு காரணத்தைக் கேட்கிறது, திட்டமோ தொடர்பை மட்டும்தான் அளக்கிறது. அறுபது பேரிடமும் ஃபோன் நேரம் கூடக்கூடத் தூக்கம் குறைகிறது என்றே வரட்டும். ஃபோனால் தூக்கம் போனதா, தூக்கம் வராததால் ஃபோனை எடுத்தார்களா? இரண்டும் நடக்கும், எண்ணைப் பார்த்து எது என்று சொல்லவே முடியாது. மூன்றாவதாக ஒன்று இரண்டையும் ஆட்டிவைக்கலாம், பரீட்சைப் பதற்றம், மனச்சோர்வு, இரவு ஷிஃப்ட் வேலை என்று.

அதனால் முறையை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். ப்ராஜெக்ட்டின் முடிவுரையில் என்ன வாக்கியம் எழுத ஆசைப்படுகிறீர்கள் என்று இப்போதே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "கெடுக்கிறது" என்று எழுத ஆசையென்றால் நீங்களே எதையாவது மாற்றிப் பார்த்தாக வேண்டும், அதாவது சோதனை. "அதிகம் பார்ப்பவர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள்" என்பது போதும் என்றால் சர்வே போதும், தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை.

அப்புறம் அந்த அறுபது எங்கிருந்து வந்தது? ஒட்டுறவு 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. உண்மையில் 0.3 அளவில் இருக்கும் ஒட்டுறவை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கவே சுமார் 85 பேர் வேண்டும். 0.2 தான் இருக்கும் என்றால் கிட்டத்தட்ட 195 பேர். எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட ஜி*பவர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை, கைடு கேட்பதற்கு முன்னால் போட்டு வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஃபோனைப் பற்றிய ஆய்வுக்கு ஃபோன் வழியாகவே ஆள் பிடிக்கிறீர்கள். வாட்ஸாப் குழுவில் வந்த ஃபார்மைத் திறந்து இருபது கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர் யார்? ஏற்கெனவே ஃபோனில் நிறைய நேரம் இருப்பவர்தான். குறைவாகப் பார்ப்பவர்கள் உங்கள் மாதிரியில் அநேகமாக இருக்கவே மாட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரி என்றால் உண்மையில் இருக்கும் தொடர்புகூட மங்கித்தான் தெரியும்.

சந்தேகப்பேர்வழி

புள்ளிமான் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஃபோன் பார்க்கிறீர்கள்" என்று கேட்டால் கிடைப்பது ஃபோன் நேரம் இல்லை, ஃபோன் நேரத்தைப் பற்றி அவர் நினைத்துக்கொண்டிருப்பது. 2021-இல் பாரியும் குழுவினரும் இதைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். ஆட்கள் சொன்ன நேரத்துக்கும் கருவியில் பதிவான நேரத்துக்கும் இருந்த ஒட்டுறவு 0.38 தான். அளவுகோலே இப்படி இருந்தால் அதற்கு மேல் என்ன கணக்குப் போட்டு என்ன.

நேரத்தை விடுங்கள், மனிதர்கள் தங்கள் நடத்தையைப் பற்றிச் சொல்வதே அப்படித்தான். 1930-களில் லபியர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். சீனர்கள் மீது வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள், ஒரே ஒரு இடத்தில்தான் முடியாது என்றார்கள். சில மாதம் கழித்து அதே இடங்களுக்கு "சீனர்களை அனுமதிப்பீர்களா" என்று கடிதம் போட்டார். பதில் எழுதிய 128 இடங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றார்கள். அந்த ஆய்விலும் ஓட்டை உண்டு, கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்று தெரியாது, தம்பதியோடு ஒரு வெள்ளையர் நின்றதும் முடிவை மாற்றியிருக்கலாம். இருந்தாலும் தாளில் டிக் அடிப்பதை நடத்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் பதிலை இழுக்கும். லோஃப்டஸும் பால்மரும் 1974-இல் வெளியிட்டது நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரே விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டால் 31.8 மைல். உங்கள் ஃபார்மில் "ஃபோன் அடிமைத்தனத்தால் உங்கள் தூக்கம் பாதிக்கப்படுகிறதா" என்று ஒரு கேள்வி இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

சொந்தமாக இருபது கேள்வி எழுதுவதை விட்டுவிடுங்கள். தூக்கத்துக்கு பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல் 1989-இலிருந்து இருக்கிறது, மொத்த மதிப்பெண் 0 முதல் 21 வரை, 5-க்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை என்று கொள்வார்கள். பயன்படுத்த அனுமதி தேவையா என்று முதலில் பாருங்கள். தமிழில் கொடுப்பதென்றால் மொழிபெயர்த்ததை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டாக வேண்டும்.

இரவுக்குருவி

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள், ஏழாவது கேள்வி 😅

சரி, ஃபோன் நேரத்துக்கு செட்டிங்ஸில் வரும் ஸ்கிரீன் டைம் பக்கத்தைப் பார்த்து எண்ணை எழுதச் சொல்லலாமா? அப்புறம், லேப் இல்லாமல் சோதனை செய்ய வழி ஏதாவது இருக்கிறதா?

வெள்ளெலி

ஸ்கிரீன் டைம் நல்ல யோசனை. எண்ணை மட்டும் கேளுங்கள், ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். யார் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது உங்களுக்குத் தேவையும் இல்லை, கையில் வைத்திருப்பது வம்பும்கூட.

சோதனைக்கு லேப் எதற்கு? ஒரு வாரம் ஃபோனைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள், இன்னொரு வாரம் வழக்கம்போல். யார் எதை முதலில் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், உங்கள் இஷ்டத்துக்குப் பிரிக்காதீர்கள். தினமும் காலையில் எழுந்தவுடன் தூக்க நாட்குறிப்பு. ஒரே ஆள் இரண்டு நிலையிலும் இருப்பதால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கணக்கில் குறுக்கே வராது, இரண்டு தனிக் குழு வைப்பதைவிடக் குறைந்த ஆட்களே போதும்.

ஆனால் சோதனை என்று பெயர் வைத்தாலே உசத்தி ஆகிவிடாது, உங்கள் தோழியிடம் சொல்லுங்கள். மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து மறைக்கலாம், ஃபோன் பக்கத்தில் இல்லை என்பதை யாரிடம் மறைப்பது? "இந்த வாரம் நன்றாகத் தூங்கணும் போல" என்று எதிர்பார்த்தே நன்றாகத் தூங்கியதாக எழுதுவார்கள். தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் சிலரிடமாவது இருந்தால் அந்த எண்ணையும் வாங்கி நாட்குறிப்போடு ஒப்பிடுங்கள். பாதியில் நின்றுவிடுபவர்கள் இருப்பார்கள், அதிலும் ஃபோனை விட முடியாதவர்கள்தான் முதலில் நிற்பார்கள். மிச்சமிருப்பவர்களை மட்டும் வைத்து முடிவு எழுதினால் அது யாரைப் பற்றிய முடிவு?

2015-இல் 270 ஆய்வாளர்கள் சேர்ந்து, பெயர்பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 சதவீதம் "குறிப்பிடத்தக்க" (வெறும் தற்செயல் என்று தள்ள முடியாது என்று புள்ளியியல் கணக்கு சொல்லும்) முடிவு, திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தான். அதில் பல நல்ல லேப்களில் நடந்த சோதனைகள்தான்.

திண்ணைப்பேச்சு

எல்லாரும் எண்ணிலேயே நிற்கிறீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒருவர் ஏன் ஃபோனை எடுக்கிறார் என்று யாருமே கேட்கவில்லையே. எட்டுப் பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். "பகல் முழுக்க எனக்கென்று நேரமே இல்லை, எல்லாரும் தூங்கினபிறகுதான் நான் நானாக இருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவரைப் பொறுத்தவரை ஃபோனைப் பிடுங்கி வெளியே வைப்பது தீர்வே இல்லை. அந்தக் காரணம் உங்கள் ஃபார்மில் ஒரு கட்டமாகவே இருந்திருக்காது.

ஒருவரிடமிருந்து என்ன தெரிந்துவிடும் என்பவர்களுக்கு: ஹென்றி மொலைசன். 1953-இல் வலிப்புக்காக மூளை அறுவை நடந்தபின் அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தின நாள் செய்ததே ஞாபகமில்லாமல். செய்திகளை நினைவில் வைப்பதும் கைப்பழக்கமும் மூளையில் வேறு வேறு ஏற்பாடு என்பதற்கு உளவியலாளர் ப்ரெண்டா மில்னர் காட்டிய சான்று அந்த ஒரு மனிதர்தான்.

நேர்காணல் சுலபம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் போகும், அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பம்.

புள்ளிமான்

திண்ணை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எட்டுப் பேர் சொன்ன காரணம் அவர்கள் சொன்ன காரணம்தான். நிஸ்பெட்டும் வில்சனும் 1977-இல் எழுதிய கட்டுரையில் ஒரே மாதிரியான நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரம் என்று கேட்டதைச் சொல்வார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே நிறையப் பேர் எடுத்தார்கள், ஆனால் இடத்தைக் காரணமாக யாருமே சொல்லவில்லை. நம் நடத்தைக்குக் காரணம் நமக்கே தெரியும் என்பது அவ்வளவு நிச்சயமில்லை.

திண்ணைப்பேச்சு

அதனால்தான் அதை "காரணம்" என்று எழுதாமல் "அவர்கள் தரும் விளக்கம்" என்று எழுதுகிறோம். காலுறையைத் தேர்ந்தெடுப்பதும் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதும் ஒன்றில்லை, இந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இரவுக்குருவி

இப்போதைக்கு என் முடிவு: அந்த இரண்டு வாரச் சோதனை, நாட்குறிப்போடு. முடிந்தபின் அதே ஆட்களில் ஐந்தாறு பேரிடம் பேசுவேன், முக்கியமாகப் பாதியில் நின்றவர்களிடம். தலைப்பில் "இரவில் ஃபோன் பார்ப்பது" என்பதை எடுத்துவிட்டு "ஃபோனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது" என்று மாற்றிவிட்டேன், நான் மாற்றிப் பார்ப்பது அதைத்தானே. கைடு ஒப்புக்கொள்வாரா என்று பார்க்கணும்.

வெள்ளெலி

ஆட்களைச் சேர்ப்பதற்கு முன்னால் நெறிமுறைக் குழு அனுமதியும் ஒப்புதல் படிவமும் முடிந்திருக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே யாரும் வேண்டாம். எதை முதன்மை அளவாக எடுப்பீர்கள், யாருடைய தரவை எந்தக் காரணத்துக்காக நீக்குவீர்கள், எத்தனை பேரோடு நிறுத்துவீர்கள் என்று எழுதி ஓஎஸ்எஃப் என்ற ஆய்வுத் திட்டங்களைப் பதிவு செய்யும் இணையதளத்தில் தேதியோடு பதிவு செய்துவிடுங்கள், இலவசம்தான். இதுபோன்ற முடிவுகளைத் தரவைப் பார்த்தபின் எடுக்கலாம் என்று விட்டால், உண்மையில் ஒன்றுமே இல்லாத இடத்திலும் "குறிப்பிடத்தக்க" முடிவு வரும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 61 சதவீதம் வரை ஏறலாம் என்று சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சன் மூவரும் 2011-இல் கணினியில் போட்டே காட்டினார்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "ஏன் இந்த மூன்று பேரை நீக்கினீர்கள்" என்று கேட்டால் அந்தப் பதிவைத் திறந்து காட்டிவிடலாம்.