லேசான தோட்டா கீழே போன கதை

நான் குடியிருப்பது பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில். துப்பாக்கி சுடப் போகிறேன் என்று சொன்னால், "கீழே இறங்கிச் சுட வேண்டியதுதானே" என்று கிண்டல் செய்வார்கள். ஒருகாலத்தில் அங்கே சுடுதளம் இருந்தது உண்மைதான்; மலாயில் பாடாங் தெம்பாக் என்றே பெயர். இப்போது அங்கே துணிதான் காய்கிறது. நான் சுடுவதென்றால் வண்டி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும்.

போன வருடம் கிளப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது நடந்தது இது. என்னுடையது 6 அங்குலக் குழல் வைத்த .38 ஸ்பெஷல் ரிவால்வர். பல வருடமாக அதில் 158 கிரெயின் ஈயக் குண்டு போட்ட தோட்டாவைத்தான் சுடுகிறேன். 158 கிரெயின் என்றால் பத்து கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அந்த முறை கடைக்குப் போனால் அது இல்லை. 130 கிரெயின், செம்பு உறை போட்ட குண்டுதான் இருந்தது. எட்டரை கிராம்கூட வராது. போட்டி வரப்போகிறது, வேறு வழியில்லை, வாங்கிவிட்டேன்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இங்கே ஒரு தோட்டாகூடக் கையில் வைத்திருக்க முடியாது. பெட்டி பெட்டியாக வாங்கி, சுட்டுச் சுட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு வரவே இல்லை. தோட்டாவை எண்ணிச் செலவழிக்கிற ஆள் நான். அந்தக் கஞ்சத்தனம்தான் என் மூளையைக் கெடுத்தது. சுடுதளத்தில் தோட்டாவை வீணாக்குவானேன், வீட்டிலேயே கணக்குப் போட்டு சைட்டை, அதாவது குழல் மேலே இருக்கிற குறி பார்க்கும் உறுப்பை, திருப்பிக்கொண்டு போவோம் என்று உட்கார்ந்தேன். புதுக் குண்டு லேசு, வேகமும் கொஞ்சம் கூட. அப்படியானால் மேலேதானே போய் அடிக்கும்? திருப்புளியை எடுத்து, பின் சைட்டை நாலு கிளிக் இறக்கினேன். என் ரிவால்வரில் சைட் திருகை ஒரு கிளிக் திருப்பினால், 25 மீட்டரில் குண்டு விழும் இடம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகரும்.

ஞாயிற்றுக்கிழமை போய் ஐந்து சுட்டேன். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால் ஐந்தும் ஏழாம் வளையத்தில், நேர் கீழே. குழு, அதாவது ஐந்து துளையும் சேர்ந்த கூட்டம், நன்றாகத்தான் இருந்தது, ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். இடம்தான் தப்பு. 25 மீட்டர் நிதானச் சுற்றுக்கான அட்டையில் நட்ட நடுவில் இருக்கிற பத்தாம் வளையம் 5 சென்டிமீட்டர் அகலம். அதற்கப்புறம் ஒவ்வொரு வளையமும் இரண்டரை சென்டிமீட்டர் வெளியே தள்ளிப் போகும். என் குழு நடுவிலிருந்து எட்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

பக்கத்து மேசையில் சார்ஜன் மாமா. போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் கிளப்பில் எல்லாருக்கும் மாமா. அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வீட்டுலயே திருப்பிட்டு வந்தியா?"

"ஆமா மாமா. லேசான குண்டு, மேலே போகும்னு..."

"ரைபிள்ல நூறு மீட்டருக்கு மேல அந்தக் கணக்கு போடு. இது கைத்துப்பாக்கி."

அவர் ரிவால்வரைக் காலி செய்யச் சொல்லி, பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். முன் சைட் எவ்வளவு உயரம் பார் என்றார். சைட் வழியாக நேராகக் குறி வைத்தால், குழல் உண்மையில் கொஞ்சம் கீழ்நோக்கித்தான் இருக்கும். இத்தனை வருடம் கையில் வைத்திருக்கிறேன், இதை நான் கவனித்ததே இல்லை. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி உதைத்து முனை எழும்பத் தொடங்கிவிடுகிறது. அந்த எழும்பலுக்கும் சேர்த்துத்தான் சைட் அமைத்திருக்கிறார்கள். கனமான குண்டு குழலுக்குள் இருக்கும்போதே முனையை அதிகம் தூக்கிவிடும், அதனால் மேலே அடிக்கும். லேசான குண்டு, முனை அவ்வளவு எழும்பாத நேரத்திலேயே புறப்பட்டுவிடும், அதனால் கீழே. 25 மீட்டரில் வேகத்தால் கிடைக்கிற லாபம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. ஆக, தோட்டா இறக்கியது நாலு சென்டிமீட்டர். மீதி நாலு என் கைங்கரியம்.

உடனே எட்டு கிளிக் ஏற்றப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். ஐந்து குண்டை நம்பித் திருப்பாதே, முதலில் பழைய இடத்துக்குக் கொண்டுவா, பத்து சுடு, ஓடிப்போன ஒன்றிரண்டை விட்டுவிட்டு நடுவைப் பார் என்றார். மணல் மூட்டையில் குழலைச் சாய்த்துச் சுடலாம் என்று நினைத்தேன், அதற்கும் விடவில்லை. குழல் எதன் மேலாவது பட்டிருந்தால் உதைக்கும் விதமே மாறிவிடும், போட்டியில் எப்படி நிற்பாயோ அப்படியே நின்று சுடு என்றார். நான் எண்ணி வைத்திருந்த தோட்டாவில் பத்து போனது. வயிறு எரிந்தாலும், நடு எங்கே என்று அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது: நாலு சென்டிமீட்டர் கீழே.

பின் சைட்டுக்கு ஒரு பழைய விதி: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்து. முன் சைட் அதற்கு நேர் எதிர். ஆனால் திருகில் இருக்கிற குறியை மட்டும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்கத் துப்பாக்கியில் அம்பு போகிற பக்கம் குண்டும் போகும். ஜெர்மன் பிஸ்டல்களிலோ, குண்டு மேலே அடித்தால் இந்தப் பக்கம் திருப்பு என்ற அர்த்தத்தில் குறி போட்டிருப்பார்கள். கிளப் பிஸ்டலில் ஒருமுறை இதில் ஏமாந்தவன் நான்.

நாலு சென்டிமீட்டருக்குப் பின் சைட் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 19 சென்டிமீட்டர். 40 மில்லிமீட்டர் தவறை 190ஆல் பெருக்கி 25,000ஆல் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர் வருகிறது. நோட்டுத் தாள் மூன்றை அடுக்கினால் வருகிற கனம். இவ்வளவுக்குத்தான் ஏழும் பத்தும் என்று போராட்டம்.

இதைக் கோலாலம்பூரில் இருக்கிற மச்சானிடம் சொன்னபோது அவர் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அவர் ஐபிஎஸ்சி, அதாவது நகர்ந்து நகர்ந்து வேகமாகச் சுடுகிற போட்டி வகை, சுடுகிறவர்; துப்பாக்கி 9 மில்லிமீட்டர். உதை மென்மையாக இருக்கும் என்று 115 கிரெயினை விட்டு 147க்குப் போனார். பவர் ஃபேக்டர், அதாவது போட்டியில் தோட்டாவுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச வலு, அந்தக் கணக்கெல்லாம் சரியாகப் போட்டார்: 147 கிரெயின், நொடிக்கு 880 அடி, பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 129, மைனர் என்கிற குறைந்த வலுப் பிரிவுக்கு 125 போதும். ஆனால் சைட்டை மறந்துவிட்டார். தூர அட்டைகளில் எல்லாம் மேலே மேலே அடித்திருக்கிறது. அவருடையது நிலையான சைட், கிளிக் என்ற பேச்சே இல்லை. கொஞ்சம் உயரமான முன் சைட் வாங்கி மாட்டும்வரை அட்டைக்குக் கீழே குறி வைத்தே சமாளித்தாராம். பக்கத்தில் இருக்கிற அட்டைகளில் ஒன்றுமே தெரியவில்லை என்பதால் இரண்டு போட்டி வரை கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நாலு கிளிக் ஏற்றினேன். ஒன்று கூடுதலாகப் போய்விட்டது, அதைத் திருப்பி இறக்கப் போனேன். மாமா மறுபடி முறைத்தார். திருகில் சின்னத் தளர்வு இருக்கும், எப்போதும் ஏற்றுகிற பக்கமாகவே முடி என்றார். இரண்டு இறக்கி, ஒன்று ஏற்றி முடித்தேன். குழு பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

போட்டியன்று பரிசோதனைத் தொடர் ஐந்து குண்டு, சைட்டைத் தொடவே இல்லை. நிதானச் சுற்றில் முதல் தொடர் ஐம்பதுக்கு 46. ஒவ்வொரு குண்டுக்கும் மூன்று நொடிதான் கிடைக்கிற சுற்றில் விசையைப் பிடுங்கிக் கெடுத்துக்கொண்டேன். அதற்குத் தோட்டாவைக் குறை சொல்ல முடியாது.

டிசம்பரில் 158 வந்துவிட்டது என்று கடைக்காரர் போன் செய்தார். துப்பாக்கிப் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் "130 – நாலு மேலே" என்று எழுதி வைத்திருந்தேன். நாலு இறக்கி, பத்து சுட்டேன், நடுவில் விழுந்தது. அந்த எழுத்தை இன்னும் அழிக்கவில்லை. 130இல் அரைப் பெட்டி மிச்சம் இருக்கிறது.