பணம் வந்த செய்தி கேட்டு நன்கொடை கேட்கப் போகலாமா?

வெண்மதி: எங்கள் தொண்டு நிறுவனத்தில் ஒரு சேவைக்குச் சந்தா கட்டுவதா வேண்டாமா என்று இழுபறி. நன்கொடையாளர் பட்டியலை ஏற்றிவிட்டால், அதில் யாராவது கம்பெனியை விற்றாலோ, அவர்கள் கம்பெனி ஐபிஓ வந்தாலோ (முதன்முறையாகப் பங்குச் சந்தையில் பட்டியலானாலோ), பெரிய அளவில் பங்கு விற்றாலோ அலர்ட் வரும். பெரிய தொகை யாரிடம் கேட்கலாம் என்று தேட இது உதவும் என்பது என் கட்சி.

கரிசல்: ஒருத்தர் கைக்குக் காசு வந்த மறுநாளே அவர் வாசலில் போய் நிற்பதா? கொடுக்க நினைத்தவருக்கும் மனசு வராது.

வெண்மதி: மறுநாளே போகச் சொல்லவில்லையே. வருஷா வருஷம் சிறு தொகை அனுப்புகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியத்தான் இது.

பழைய பேரேடு: இரண்டு பேரும் காசு எப்படி வருகிறது என்பதை விட்டுவிட்டீர்கள். கம்பெனி இவ்வளவுக்கு விலைபோனது என்று செய்தி வரும். அது முழுக்க நிறுவனர் பைக்குப் போகாது. கடன் அடைய வேண்டும், முன்னுரிமைப் பங்கு வைத்திருக்கும் முதலீட்டாளர்கள் தங்கள் பணத்தை முதலில் எடுப்பார்கள், ஒரு பகுதி எஸ்க்ரோவில், அதாவது நிபந்தனை நிறைவேறும்வரை மூன்றாம் தரப்பிடம், நிற்கும், இன்னொரு பகுதி விற்பனை இலக்கை எட்டினால்தான் வரும். தலைப்புச் செய்தித் தொகையைப் பார்த்துக் கேட்கிற தொகையை முடிவு செய்தால் அசடு வழிய வேண்டியதுதான்.

அப்புறம் வரி. அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த, விலை ஏறிய பங்கை விற்காமல் அப்படியே தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் அந்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. விற்றுவிட்டுப் பணமாகக் கொடுத்தால் முதலில் வரி கட்ட வேண்டும். கம்பெனி விற்பனை பற்றிய அலர்ட் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் வரும், அதற்குள் பங்காகக் கொடுக்கும் வாய்ப்பு போயிருக்கும். இயக்குநர்களின் பங்கு விற்பனையும் அப்படித்தான். அமெரிக்காவில் அவர்கள் இரண்டு வேலை நாளுக்குள் படிவம் 4 என்ற பங்குப் பரிவர்த்தனை அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும், ஆனால் தாக்கலாகும்போது பங்கு கைமாறி முடிந்திருக்கும்.

வெண்மதி: ஐபிஓ அப்படி இல்லையே. பட்டியலான பிறகு நிறுவனர்களும் ஊழியர்களும் பொதுவாக 180 நாள் விற்க முடியாது. அந்த இடைவெளியில் வரும் அலர்ட் பயன்படாதா?

பழைய பேரேடு: அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தடை முடியும் தேதியை ஒரு காலண்டரில் குறித்து வைத்தாலே போதும், சந்தா எதற்கு?

கரிசல்: காசு இருக்கிறது என்பதும் உங்கள் வேலைமேல் அக்கறை இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அலர்ட் முதலாவதைத்தான் சொல்லும். தனியுரிமையும் இருக்கிறது. 2016 டிசம்பரில் பிரிட்டனின் தகவல் ஆணையம், நன்கொடையாளர்களுக்குத் தெரியாமல் அவர்கள் சொத்து நிலையை ஆராய வைத்ததற்காக விலங்கு நலத் தொண்டு அமைப்பான ஆர்எஸ்பிசிஏவுக்கு 25,000 பவுண்டும், இதயநோய்த் தொண்டு அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்கு 18,000 பவுண்டும் அபராதம் போட்டது. அடுத்த ஏப்ரலில் மேலும் 11 அமைப்புகளுக்கு அபராதம்.

வெண்மதி: அது சொல்லாமல் செய்ததற்கு. நாங்கள் தனியுரிமை அறிக்கையில் எழுதிவிடுவோம்.

கரிசல்: யாரும் படிக்காத பக்கத்தின் அடியில் ஒரு வரி! ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 14ஆவது பிரிவைப் பாருங்கள். வேறு இடத்திலிருந்து ஒருவரின் தகவலைத் திரட்டினால், பொதுவாக அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் அவருக்கே தெரிவிக்க வேண்டும். 'நீங்கள் கம்பெனி விற்றதைக் குறித்து வைத்திருக்கிறோம்' என்று கடிதம் போடுவீர்களா?

நீலவானம்: இந்த வேலையில் இருப்பவள் என்ற முறையில் ஒன்று. எனக்கு ஒருமுறை வந்த அலர்ட்டில் பெயர் சரி, ஊர் சரி, ஆள் வேறு. சரிபார்த்ததால் தப்பித்தோம். எங்கள் குழுவில் அலர்ட் வந்ததும் யாரும் போன் எடுப்பதில்லை. அந்த நன்கொடையாளரை ஏற்கெனவே அறிந்தவர் யார் என்றுதான் முதலில் பார்ப்போம். வாரிசுச் சொத்து அலர்ட்டை அடியோடு நிறுத்திவிட்டோம். அது இழவு வீட்டிலிருந்து வருகிற செய்தி.

வெண்மதி: சரி, வாரிசு அலர்ட் வேண்டாம். நம்மிடம் முன்பே கொடுத்தவர்களுக்கு மட்டும், அதுவும் முதலில் சொல்லிவிட்டு, என்று வைத்துக்கொண்டால்?

கரிசல்: சொன்ன பிறகு எத்தனை பேர் பட்டியலில் இருப்பார்கள் என்று பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள்.